மலைக்கு அந்தப் பக்கத்து மீன்

தேவாரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரு சுவர் மாதிரி எழுந்து நிற்கும். உச்சியில் சாக்கலூத்து மெட்டு. அதைத் தாண்டினால் உடும்பன்சோலைப் பக்கம், ஏலத் தோட்டங்கள். நேராக ஏற ஒரு நல்ல சாலை வேண்டும் என்பது எங்கள் ஊரின் பழைய கோரிக்கை. மழைத் தண்ணீருக்கு அந்தக் கவலை கிடையாது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் வைகைக்கு வரும், அந்தப் பக்கம் விழுந்தால் பெரியாற்றோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகும். நான் இன்று எழுதப் போவது அந்தப் பக்கத்து ஆறுகளில் வாழும் ஒரு மீனைப் பற்றி. அது என் வீட்டுத் தொட்டிக்கு வந்ததையும், நான் அதைப் பட்டினி போட்டதையும் சேர்த்துத்தான்.

கடைகளில் இதற்கு 'பஃபர்' என்று பெயர். பட்டாணி அளவே இருப்பதால் ஆங்கிலத்தில் முன்னால் பட்டாணியையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினால் முதல் சொல் வேறு அர்த்தம் தந்துவிடும், வேண்டாம். நம் கடற்கரை மீனவர்கள் உப்பிக்கொள்ளும் மீனைப் பேத்தை என்பார்கள். அதனால் பட்டாணிப் பேத்தை என்றே வைத்துக்கொள்கிறேன். முழு வளர்ச்சியே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். அறிவியல் பெயர் காரினோடெட்ராடான் திருவாங்கூரிகஸ். பம்பை ஆற்றில் கிடைத்த மீனை வைத்து 1941-ல் ஹோராவும் நாயரும் இதை முதன்முதலில் விவரித்தார்கள், அதனால்தான் பெயரில் திருவாங்கூர். பெயருக்குள் இருக்கும் 'டெட்ராடான்' என்பதற்கு நாலு பல் என்று பொருள். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கும் சேர்ந்து கிளி மூக்கு மாதிரி ஓர் அலகு.

முல்லைப் பெரியாறு தண்ணீர் 1895 முதல் நம் பக்கம் வருகிறதே, அதோடு இந்த மீனும் வந்திருக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் இது அணை இருக்கும் உயரத்து மீன் இல்லை. கீழே, கேரளச் சமவெளியில், ஓட்டம் குறைந்து செடியும் பாசியும் அடர்ந்த ஆற்றோரங்களிலும் காயல் ஓரங்களிலும் வாழ்வது.

சரி, என் கதை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் இதைப் பார்த்தேன். இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் என்னையே பார்த்தது. "சின்னதுதாண்ணே, எல்லா மீனோடயும் போடலாம்" என்றார் கடைத் தம்பி. நாலு வாங்கி வந்தேன். வீட்டுத் தொட்டியில் ஏற்கெனவே கப்பிகள், ஒரு ஃபைட்டர், கொஞ்சம் இறால் குஞ்சுகள். ஒரு வாரத்தில் கப்பிகளின் வால் எலி கடித்த துணி மாதிரி ஆகிவிட்டது. ஃபைட்டர் மூலையை விட்டு வெளியே வரவில்லை. இறால்களைக் காணோம். "ரவுடி மீனு" என்று வீட்டில் பெயர் வைத்தாயிற்று.

நான் கவனிக்கத் தவறியது வேறொன்று. அந்த ரவுடிகளின் வயிறு உள்ளே ஒட்டிக்கொண்டே போனது. இரண்டாவது வாரம் இரண்டு செத்துவிட்டன.

பல மீன் சேர்த்து வளர்க்கும் தொட்டியில் பேத்தையைப் போடாதே என்று சொல்கிறவர்கள், அது மற்ற மீனைக் கடிக்கும் என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்தத் தொட்டியில் அது சாப்பிடாமல் செத்துப்போகும் என்பது மறுபாதி. கப்பிக்குத் தீனி தூவினால் மேலே பாய்ந்து விழுங்கிவிடும். பேத்தை அப்படி இல்லை. ஒரு புழு விழுந்தால் பக்கத்தில் போய் நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், யோசிக்கும், அப்புறம்தான் கடிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் மற்றவை தின்று தீர்த்துவிடும். போதாததற்கு, டப்பாவில் வரும் காய்ந்த தீனியை இது பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஆற்றில் அசைகிற பூச்சி, புழு, சிறு நத்தை இவற்றைத் தின்று பழகிய உயிர், குச்சி மாதிரி மிதப்பதை உணவாக எண்ணுவதில்லை. பசியோடு இருக்கும் வேட்டை மீனுக்கு முன்னால் கப்பியின் வால் ஆடிக்கொண்டே போனால் என்ன செய்யும்? அதன் சுபாவமே சண்டைக்காரச் சுபாவம்தான், மறுக்கவில்லை. பசி அதை இன்னும் கிளறிவிடுகிறது.

மிஞ்சிய இரண்டுக்கும் தனித் தொட்டி வைத்தேன். சாப்பாட்டுக்கு இப்போது இரண்டு வழி. ஒன்று, குளத்துச் செடியோடு ஒட்டி வரும் சின்ன நத்தைகள். ஒரு பாட்டிலில் விட்டுக் கீரைத்தண்டு போட்டால் தானாகப் பெருகும். பேத்தை ஓட்டோடு கடித்து உறிஞ்சும், அந்தச் சத்தம் அமைதியான நேரத்தில் லேசாகக் கேட்கும். அடுத்தது கொசுப்புழு. வாளியில் தண்ணீர் வைத்தால் போதும், நம் ஊரில் கொசுவுக்கா பஞ்சம்! ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். மூன்று நாளுக்கு ஒருமுறை வடிகட்டி எடுத்துவிட்டு வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். பேரூராட்சியிலிருந்து டெங்குத் தடுப்புக்கு வருகிற அக்கா என் வாளியைப் பார்த்துவிட்டுத் திட்டிய திட்டு நியாயமானது. அதன்பிறகு பெரும்பாலும் உறைய வைத்த ரத்தப்புழுதான்.

தொட்டி விஷயத்தில் மூன்று செய்திகள் போதும். முதலாவது, புதுத் தொட்டியில் உடனே விடக் கூடாது. இதற்குச் செதில் கிடையாது, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தாங்காது. அதை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலைந்து வாரமாவது ஆகும். அடுத்தது, பார்வையை மறைக்கும் அளவுக்குச் செடி வேண்டும். ஆண் மீன்கள் எல்லை பிரித்துக்கொள்ளும், ஒன்றையொன்று எந்நேரமும் பார்த்தால் ஓயாத சண்டை. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்றால் நல்லது. வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு தெரியும், பெண் கொஞ்சம் உருண்டையாக இருக்கும். மீன் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வலையால் தூக்காதீர்கள். பயந்தால் தண்ணீரைக் குடித்து உப்பும். வெளியே தூக்கினால் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியேற்றத் திணறும். ஒரு டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுப்பதுதான் சரி. உப்புவதைப் பார்க்க ஆசைப்பட்டுச் சிலர் சீண்டுவார்கள். அது வித்தை இல்லை, உயிர்பயம்.

இனி கொஞ்சம் சங்கடமான பகுதி. கடைக்கு வரும் பட்டாணிப் பேத்தைகளில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் இதை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக வைத்திருக்கிறது. வாழிடம் கெடுவது ஒரு காரணம், மீன்தொட்டி வியாபாரம் இன்னொன்று. 2005 முதல் 2012 வரை, இப்படி ஆபத்தில் இருக்கும் 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த மீன்கள் குறைந்தது 15 லட்சம் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின என்று ராஜீவ் ராகவனும் சக ஆய்வாளர்களும் 2013-ல் கணக்குக் காட்டினார்கள். நான் பட்டினி போட்டுக் கொன்ற இரண்டு எந்தக் கணக்கிலும் வராது.

தொட்டியிலேயே இது குஞ்சு பொரிக்கும், பாசிக்குள் முட்டையிடும். அதனால் வாங்குவதற்கு முன் "பண்ணையில பொரிச்சதா, ஆத்துல புடிச்சதா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது என்றால் பெரும்பாலும் ஆறுதான். வயிறு ஒட்டியிருந்தால் உள்ளே குடற்புழு இருக்க வாய்ப்புண்டு, அதை வாங்க வேண்டாம். வளர்க்க முடியாமல் போனால் சுருளியாற்றிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அது இந்தப் பக்கத்து மீன் இல்லை.

சித்திரையில் எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன், இரண்டு டிகிரி குறைகிறது. மிஞ்சிய இரண்டும் இன்னும் இருக்கின்றன. காலையில் நான் காபியோடு போய் நின்றால் வேலம்பாசிக்குள்ளிருந்து வெளியே வந்து, ஆளுக்கொரு கண்ணால் டம்ளரைப் பார்க்கும், நத்தை இருக்கிறதா என்று.