சீக்கு என்றொரு முயல்

நாள்பட்ட வயிற்றுக் கோளாறு உள்ள முயலை வளர்ப்பவர்கள் மருந்தைவிட அதிகம் தேடுவது புல்லை. தினமும் எண்ணுவது புழுக்கையை.

கிழக்கு தில்லியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் காலை 5.30க்கு நடக்கும் முதல் வேலை காபி போடுவதல்ல. பால்கனியை ஒட்டிய மூலையில் விரித்திருக்கும் பழைய போர்வையைத் தூக்கி, இரவில் விழுந்த புழுக்கைகளைப் பார்ப்பது. பட்டாணி அளவில் உருண்டையாக இருந்து, நசுக்கினால் புல்தூளாக உதிர்ந்தால் இருவரும் அலுவலகம் போகலாம். மிளகளவுக்குச் சுருங்கியிருந்தாலோ, ரோமத்தில் கோத்த மணிமாலை போல வந்திருந்தாலோ ஒருவர் விடுப்பு எடுக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் உடனே ஆட்டோ பிடிக்க வேண்டும்.

முயலின் பெயர் சீக்கு. இந்தியில் சப்போட்டாவுக்கு சீக்கூ என்று பெயர். அதன் நிறத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வைத்தது. "தமிழ் வீட்டில் இப்படி ஒரு பெயரா?" என்று ஊரிலிருந்து வந்த மாமியார் முகம் சுளித்தார். ஏழே மாதத்தில் அவர் பயந்தது நடந்துவிட்டது.

அது ஒரு மே மாதம். வெளியே 44 டிகிரி. மின்சாரம் போய் ஏர்கூலர் நின்றுவிட்டது. மாலையில் வந்து பார்த்தால் சீக்கு வெந்தயக் கீரையைத் தொடாமல், முதுகைக் கூனிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. வெயில் அசதி என்று நினைத்துத் தூங்கப் போனோம். பெரிய தவறு. நாய் வலித்தால் முனகும். முயல் வலியை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினால் வேட்டை விலங்குக்கு இரையாகிவிடும் இனம் அது. 12 மணி நேரம் ஒரு முயல் சாப்பிடவில்லை என்றால் அதை ஆபத்தாகவே கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

காரணம் அதன் குடலின் அமைப்பில் இருக்கிறது. முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை உண்டு. நார்ச்சத்தைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம் அது. அங்கே தயாராகும் மென்மையான, திராட்சைக் குலை போன்ற உருண்டைகளை முயல் தன் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். (விருந்தினர் முன்னிலையில் இதைச் செய்வதில் சீக்குவுக்குத் தனி ஆர்வம்.) இந்த ஆலை ஓட நார் வந்துகொண்டே இருக்க வேண்டும். நார் குறைந்தால் குடல் அசைவு மந்தமாகிறது, வாயு சேர்கிறது, வலி எடுக்கிறது, வலியால் முயல் சாப்பிட மறுக்கிறது, குடல் மேலும் நின்றுபோகிறது. வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. முயலால் வாந்தி எடுக்க முடியாது.

நாங்கள் அதுவரை கொடுத்தது கேரட், முட்டைக்கோஸ், சில நாள் சப்பாத்தி. சந்தையில் விற்றவர் சொன்ன பட்டியல் அது. கேரட்டில் இருப்பது சர்க்கரை. சித்திரக் கதைகள் முயலுக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் பார்த்த மருத்துவர் வாய்வழி அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தார். மனிதக் குழந்தைக்கும் நாய்க்கும் சாதாரணமான மருந்து, முயலுக்கு எமன். நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருக இடம் கொடுத்துவிடும். முயல் வளர்க்கும் தோழி ஒருத்தி தொலைபேசியில் அலறியதால் பாட்டில் திறக்கப்படவே இல்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கால்நடை மருத்துவம் என்ற பெயரே சொல்வதுபோல, நம் நாட்டில் அது மாடு, எருமை, ஆடு, கோழிகளைச் சுற்றி வளர்ந்த படிப்பு. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் தொடங்கிய மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் முயல்களையும் ஆராய்கிறது. ஆனால் இறைச்சிக்காகவும் ரோமத்துக்காகவும். சோபாவுக்கு அடியில் வாழும் முயலுக்கு வயிற்று வலி வந்தால் என்ன செய்வது என்பது வேறு பாடம்.

இரண்டாவது மருத்துவர் முதலில் காதைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தால் உடல் வெப்பம் இறங்கிவிட்டது என்று பொருள். முதலில் சூடேற்ற வேண்டும். பிறகு எக்ஸ்ரே. குடலில் அடைப்பு இருந்தால் வாயில் உணவு புகட்டுவதே கொன்றுவிடும் என்பதால் அதைப் பார்க்காமல் சிரிஞ்சைத் தொடக் கூடாது. அடைப்பு இல்லை. தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கு மெலாக்சிகாம் கொடுத்தார். வலி தணிந்தால்தான் குடல் அசையும். அதன் பிறகு ஊறவைத்து அரைத்த தீவனத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இரண்டு இரவுகள் அலாரம் வைத்து எழுந்தோம். மூன்றாம் நாள் விடியலில் விழுந்த ஆறு புழுக்கைகளைப் பார்த்து என் கணவர் கைதட்டினார்.

நோய் திரும்பியது. அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. அப்போதுதான் மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். புல்லை அரைத்து அரைத்துத் தேய வேண்டிய கடைவாய்ப் பற்கள், மென்மையான உணவால் ஒழுங்காகத் தேயாமல் கூர்முனை விட்டு நாக்கைக் குத்திக்கொண்டிருந்தன. வயிற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். வேர் வாயில் இருந்தது. இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து ராவ வேண்டியிருக்கிறது. முதல் முறை மருத்துவமனை ஊழியர் நாய்க்குச் சொல்வதுபோல "ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள்" என்றார். வாந்தியே எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினி தேவையில்லை. குடல் நிற்க அதுவே போதும். மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டோம். ஒவ்வொரு முறை மயக்கத்துக்குக் கையெழுத்துப் போடும்போதும் கை நடுங்கத்தான் செய்கிறது.

மிச்சமெல்லாம் புல். உணவில் பெரும்பகுதி உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நூல்கள் சொல்லும் திமோத்தி குளிர்நாட்டுப் புல். இறக்குமதிப் பொட்டலத்தின் விலை எங்கள் மளிகைக் கணக்கோடு போட்டியிடுகிறது. குளிர்காலத்தில் தீவனக் கடைகளில் மாட்டுக்கு விற்கும் பெர்சீம் பச்சைப்பசேலென்று ஆசை காட்டும். ஆனால் அது பயறு இனத்துச் செடி. புரதமும் கால்சியமும் அதிகம். அதே கடையில் கிடைக்கும் ஓட்ஸ் தீவனப் பயிரை வாங்கி மொட்டை மாடியில் காயவைக்கிறோம். கோயில் வாசலில் பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல்லையும் விடுவதில்லை. பூங்காவில் இயந்திரம் வெட்டிப் போட்ட புல் மட்டும் கூடாது. நசுங்கிய புல் சீக்கிரம் புளித்துவிடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கட்டைத் தயங்காமல் எறிய வேண்டும். மே, ஜூனில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சீக்கு அதன்மீது சாய்ந்துகொள்கிறது.

சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமே என்கிறார்கள். பசிக்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் வலியோடு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாரத்தில் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? பிப்ரவரியில் நாத்தனார் கல்யாணத்துக்கு என் கணவர் மட்டும்தான் போனார். மாமியாருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முகூர்த்த நாளன்று நோட்டில் என் கையெழுத்தில் இருப்பது: எடை 1,640 கிராம். புல் தின்றது. புழுக்கை பட்டாணி அளவு.