கன்னத்தில் பதியும் தலையணை

இரவுப் பணி முடித்து வரும் செவிலியரிடம் "என்னம்மா, முகமே வாடிக் கிடக்கு?" என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டுவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது மெய்தான். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, 23 பேரை நன்றாகத் தூங்கியபின் ஒரு முறையும், 31 மணி நேரம் விழித்திருந்தபின் ஒரு முறையும் படம் எடுத்தார்கள். விவரம் அறியாத 65 பேரிடம் படங்களைக் காட்டியபோது, தூக்கம் கெட்ட முகங்களுக்கே உடல்நலத்திலும் களையிலும் குறைந்த மதிப்பெண் விழுந்தது.

ஓரிரு இரவின் வாட்டம் தூங்கினால் தெளியும். நாள்பட்ட தூக்கக்கேடுதான் கவலைக்குரியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 30 முதல் 49 வயதுவரையுள்ள 60 பெண்களின் தோலில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து, மேலடுக்கைச் சற்றே சிதைத்துப் பார்த்தார்கள். 72 மணி நேரம் கழித்து அளந்தபோது, நன்றாகத் தூங்குபவர்களின் தோல், சரியாகத் தூங்காதவர்களின் தோலைவிட 30 சதவீதம் கூடுதலாகத் தேறியிருந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், செல்களைப் பழுதுபார்க்க உதவுகிறது. தூக்கம் குறைந்தால் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அது தோலைத் தாங்கும் கொலாஜன் புரதத்தைச் சிதைக்கும். ஆனால் கிளீவ்லாந்து ஆய்வு, அழகுசாதன நிறுவனம் ஒன்றின் பணத்தில் நடந்த சிறிய ஆய்வு என்பதால் அதன் முடிவை அளவோடு நம்பலாம். வெயில் முகத்துக்குச் செய்யும் கேடு தூக்கக்கேடு செய்வதைவிடப் பெரிது.

படுக்கும் விதத்துக்கும் பங்கு உண்டு. கோரைப்பாயில் தூங்கி எழுந்த குழந்தையின் கன்னத்தில் பாயின் வரிகள் அச்சாகியிருக்கும். பல் தேய்ப்பதற்குள் மறைந்துவிடும். நாற்பதைத் தாண்டியவருக்கோ தலையணை உறையின் மடிப்பு, காலை டிபன் முடிந்தும் கன்னத்திலேயே நிற்கும். அழுந்தியபின் மீளும் சக்தி தோலில் குறைந்துவிடுவதே காரணம். ஒரே பக்கமாகவோ குப்புறவோ வருடக்கணக்கில் படுத்தால், மடிந்த இடத்திலேயே கோடு தங்கிவிடுகிறது. சிரிப்பாலும் நெற்றிச் சுருக்கத்தாலும் வரும் கோடுகள் தசை இழுத்து வருபவை. தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசிக்கு அவை அடங்கும். தலையணைக் கோடுகளில் தசைக்கு வேலையில்லை, ஊசியும் பலிக்காது.

அதற்காக எல்லோரும் மல்லாந்து படுக்க வேண்டியதில்லை. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ளவர்களுக்கு மல்லாந்து படுத்தால் தொல்லை கூடும். நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் சொல்வதே ஒருக்களித்துப் படுக்கத்தான். கன்னத்துக் கோட்டுக்குப் பயந்து அவர்கள் அதை மாற்றிக்கொள்ளக் கூடாது.