காணாமல் போகும் ஒரு சோப்பு



குழுக் கடனில் பெட்டிக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம்மில் பலர். கம்பத்தில் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, போன மாதக் கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் நின்றார். "யாவாரம் நல்லாத்தான் நடக்குது. சாமான் களவு போகுது, காசு நிக்க மாட்டேங்குது" என்றார். "ஒரு சோப்புதானக்கா, விடுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

விட முடியாது. கணக்குப் பாருங்கள். 36 ரூபாய்க்கு வாங்கி 40 ரூபாய்க்கு விற்கும் சோப்பில் லாபம் 4 ரூபாய். ஒன்று களவு போனால், போட்ட 36 ரூபாயை எடுக்கவே இன்னும் 9 சோப்பு விற்க வேண்டும். அந்த ஒன்பதும் வெறும் உழைப்பு.

அவர் தெருவில் பெரும்பாலோர் இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியக்காலை ஜீப் வருவதற்குள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். களவு போவது அந்த அரைமணி நேரத்தில்தான். அக்கா வெறுத்துப்போய் கம்பி வலை அடிக்கவும், கடன் கொடுப்பதை நிறுத்தவும் நினைத்தார். அப்படிச் செய்தால் யாருக்குக் கஷ்டம்? சனிக்கிழமை கூலி வாங்கி பற்றைத் தீர்க்கும் பெண்களுக்குத்தான். கடையையே மூடிவிட்டால் பத்து ரூபாய் எண்ணெய்க்கும் கடைத்தெருவுக்கு நடக்க வேண்டும். எடுத்தவர் ஒருவர், அனுபவிப்பது தெரு முழுக்க.

இன்னொன்றும் உண்டு. சந்தேகம் என்று வந்தால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? கிழிந்த சட்டை போட்ட பிள்ளையை. இல்லாவிட்டால் 'அந்தத் தெரு' ஆட்களை. இது எனக்குப் பிடிக்காத விஷயம், சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிய கம்பெனிகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவில் வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம், திருட்டைக் காரணம் காட்டி சான் பிரான்சிஸ்கோ நகரில் 5 கடைகளை மூடுவதாக 2021-இல் அறிவித்தது. திருட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே புலம்பிவிட்டோமோ என்று 2023-இல் அதன் நிதி அதிகாரியே சொன்னார்.

ஆகவே முதலில் இருப்பு எடுங்கள். போன வார இருப்போடு புதுக் கொள்முதலைக் கூட்டி, இன்றைய இருப்பைக் கழித்தால், கடையை விட்டுப் போன சரக்கு தெரியும். கல்லாக் காசையும் கடன் நோட்டையும் அதோடு ஒத்துப் பாருங்கள். அந்த அக்காவும் நானும் உட்கார்ந்து நாலு வாரம் பார்த்தோம். குறைந்ததில் பெரும்பகுதி, அவர் வீட்டுச் சமையலுக்கு எடுத்து எழுதாமல் விட்டது! மிச்சம் எழுதாத கடன், எலி கடித்த பாக்கெட். வாசல் பக்கம் தொங்கிய ஷாம்புச் சரமும் சோப்பும்தான் நிஜமாகவே களவு.

ஆள் பிடிபட்டால் கட்டி வைத்து அடிக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவின்படி, திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். 18 வயது ஆகாத பிள்ளை என்றால் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும்.

அக்கா இப்போது சரங்களைக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். ஜீப் நேரத்தில் மகள் வாசலில் நிற்கிறாள். கம்பி வலை அடிக்கவில்லை. வீட்டுக்கு எடுப்பதற்குத் தனி நோட்டு போட்டாயிற்று. இந்த மாதத் தவணை கட்டிவிட்டார். போன மாத பாக்கி இன்னும் நிற்கிறது.