மரணத்தின் பின்னரும் ஓர் ஆசான்

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டக் குடியிருப்புகளை மண்சரிவு மூடியது. இத்தகைய அனர்த்தங்களில் உயிர் தப்புவோருக்குச் சிக்கலான சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அதற்கான முதற் பயிற்சியை உயிருள்ள நோயாளியிடமே மருத்துவர் பெறுவது தகுமா?

பதப்படுத்திய மனித உடல் இதற்கு விடையாகிறது. வழமையான போர்மலின் உடலை விறைக்கச் செய்வதால், சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் வோல்டர் தீல் உருவாக்கி 1992 இல் வெளியிட்ட முறையோ தசைகளின் மென்மையையும் மூட்டுகளின் அசைவையும் பேணுகிறது.

உடல் தானம் குறித்து இஸ்லாமிய மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே முழுமனச் சம்மதமும், பயிற்சியின் பின் கண்ணியமான இறுதிக்கிரியையும் இன்றியமையாதன. மீரியபெத்தயில் பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. அடக்கம் செய்ய உடலின்றித் தவித்த அம்மக்களிடம் தானம் கோருமுன், மருத்துவ பீடங்கள் இக்கண்ணியத்திற்கு உறுதியளிக்க வேண்டும்.