பராமரிப்பாளர் வீசா: விற்கப்பட்டது வேலையா, வெறும் இலக்கமா?

படுக்கையில் கிடக்கும் மாமியைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதும், வாப்பாவுக்கு நேரத்துக்கு மருந்து கொடுப்பதும், இரவில் எழுந்து பார்ப்பதும் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிய வேலைகள் அல்ல. இவற்றை நாம் தொழில் என்று எண்ணுவதுமில்லை. இதே வேலைக்கு வருடமொன்றுக்கு இருபதாயிரம் பவுண் சம்பளம் தருகிறோம், கணவனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஒரு நாடு அழைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி பிரித்தானியா அப்படித்தான் அழைத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின், முதியோர் இல்லங்களிலும் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பராமரிக்கும் சேவைகளிலும் அந்நாட்டில் பெரும் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டது. இங்கிலாந்தில் மாத்திரம் ஏறக்குறைய 165,000 பதவிகள் வெறுமையாகக் கிடந்தன. எனவே தாதியருக்கும் வைத்தியர்களுக்கும் உரியதாக இருந்த சுகாதார வீசாவின் கீழ் பராமரிப்பாளர்களையும் சேர்த்தார்கள். அப்போது ஆகக்குறைந்த சம்பளம் வருடத்துக்கு 20,480 பவுண். 2022 இறுதியில் இருந்த நாணய மாற்று விலையில் அது எண்பது இலட்சம் ரூபாவுக்கும் மேல். அதே வருடம்தான் நமது நாடு பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது என்பதையும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்பதையும் மறந்துவிட முடியாது. இந்தியா, நைஜீரியா, சிம்பாப்வே, கானா போன்ற நாடுகளிலிருந்து பெருந்தொகையானோர் பிரித்தானியா சென்றார்கள். அவர்களுள் நம்மவரும் இருந்தார்கள்.

மோசடி எங்கே நுழைந்தது என்பதை அறிய, இந்த வீசா கிடைக்கும் வழியைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பிரித்தானியாவிலுள்ள ஒரு நிறுவனம், வெளிநாட்டாரை வேலைக்கு எடுப்பதற்கான அனுமதிப்பத்திரத்தை உள்நாட்டலுவல்கள் அமைச்சிடமிருந்து பெறவேண்டும். பின்னர் எத்தனை பேர் தேவை என்று அந்த நிறுவனம் கேட்கும். அதற்கேற்ப அனுசரணைச் சான்றிதழ்கள் ஒதுக்கப்படும். சான்றிதழ் என்றவுடன் முத்திரை குத்திய பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கணினியில் பதியப்படும் ஓர் இலக்கம் மாத்திரமே. அந்த இலக்கம் கையில் இருந்தால்தான் வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்த இலக்கத்துக்காக நிறுவனம் அரசுக்குச் செலுத்திய கட்டணம் அந்நாட்களில் 199 பவுண். அதே இலக்கத்தைப் பத்தாயிரம் பவுணுக்கும் அதற்கு மேலும் விற்றார்கள் என்பதைப் பிரித்தானியத் தொழிற்சங்கங்களும் ஊடகங்களும் பின்னர் வெளிக்கொண்டுவந்தன. நிறுவனக்காரர், அங்குள்ள தரகர், இங்குள்ள முகவர், ஊரிலுள்ள உப முகவர் என்று ஒவ்வொரு கையிலும் விலை ஏறியது. வேலை தேடிக் கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்குவதை அந்நாட்டின் 1973ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆனால் காசு கைமாறியது கடல் கடந்த ஊர்களில். அச்சட்டத்தின் கை அதுவரை நீளவில்லை.

இதைவிட வேடிக்கை, விற்கப்பட்ட வேலை பல இடங்களில் இருக்கவேயில்லை என்பதுதான். எல்லைகள், குடிவரவு தொடர்பான சுயாதீன பிரதம பரிசோதகராக இருந்த டேவிட் நீல் தயாரித்த அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. இல்லாத ஒரு முதியோர் இல்லத்தின் பெயரில் 275 சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரம் பெறும்போது நான்கு ஊழியர்களே இருப்பதாகக் கூறிய இன்னொரு நிறுவனத்துக்கு 1,234 சான்றிதழ்கள் கிடைத்திருந்தன. நான்கு பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் எதற்கு என்று கேட்க ஆளில்லை. கேட்கத்தான் யார் இருந்தார்கள்? அனுமதிப்பத்திரம் பெற்ற 1,600 நிறுவனங்களுக்கு ஒரு கண்காணிப்பு உத்தியோகத்தர் என்ற விகிதத்திலேயே அமைச்சு ஆட்களை வைத்திருந்தது என்பதையும் அதே அறிக்கை காட்டியது. நம் ஊர்க் கடைகளுக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இவ்வளவு கடைகள் பொறுப்பாக இருந்தால், அவர் நமது கடைவாசலுக்கு எந்த வருடம் வருவார் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையான நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தோருக்கும் நிம்மதி கிடைத்ததென்று சொல்வதற்கில்லை. வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் வேலையில், நோயாளியின் வீட்டில் நிற்கும் நேரத்துக்கு மாத்திரம் சம்பளம் கணக்கிடும் வழக்கம் பரவலாக இருந்தது. ஒரு வீட்டில் அரை மணித்தியாலம், அடுத்த வீட்டுக்குப் போக முக்கால் மணித்தியாலம். விடிய வெளிக்கிட்டு இரவில் திரும்பும் பெண்ணுக்கு ஐந்தாறு மணித்தியாலச் சம்பளமே மிஞ்சும். கிழமைக்கு 39 மணித்தியாலம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அதில் பாதிகூடக் கொடுக்காதவர்களும் இருந்தார்கள். அரசின் கணக்குக்காக முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பகுதியைக் காசாகத் திருப்பி வாங்கியவர்கள் பற்றியும் செய்திகள் வந்தன. இடையில் விலகினால் ஆயிரக்கணக்கான பவுண் நட்டஈடு என்ற நிபந்தனை வேறு.

முறைப்பாடு செய்யலாமே என்று கேட்கலாம். வீசா அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வேறிடத்துக்கு மாற வேண்டுமாயின், அனுமதிப்பத்திரமுள்ள இன்னொரு நிறுவனம் புதிய சான்றிதழ் தரவேண்டும். சவூதியிலும் குவைத்திலும் கபீலின் கீழ் வேலை செய்துவிட்டு வந்த நம் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயரும் தேசமும் வேறு, முடிச்சு ஒன்றுதான். எனினும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சம்பளம் கேட்டுத் தொழில் நியாயசபைக்குப் போகலாம், போனவர்களில் வென்றவர்களும் உண்டு. ஆனால் வீட்டு வாடகைக்கே காசில்லாதவர் வழக்குப் பேசுவது எத்தனை பேருக்கு முடிந்த காரியம்?

அரசு விழித்துக்கொண்டபோது அடி விழுந்தது யார்மேல் தெரியுமா? 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட அனுமதிப்பத்திரங்கள் இரத்துச் செய்யப்பட்டன. அந்த நிறுவனங்களோடு தொடர்புபட்டிருந்த ஏறக்குறைய 40,000 தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நிறுவனம் இழந்தது அனுமதிப்பத்திரத்தை. தொழிலாளிக்கோ, கடிதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் வேறு அனுசரணையாளரைத் தேடு, இல்லையேல் நாட்டைவிட்டுப் போ என்ற உத்தரவு. காணியை விற்று, சீதனமாகக் கொண்டுவந்த நகையை அடகு வைத்துப் போனவர் 60 நாட்களில் எங்கே தேடுவார்? அரச உதவிப் பணமும் அந்த வீசாக்காரருக்குக் கிடையாது. ஆகவே சம்பளமில்லாத இடத்திலும் வாய்மூடி இருந்துவிட்டார்கள். தன் முதலாளியைக் காட்டிக்கொடுத்தால் தன் வீசாவே போகும் என்ற சட்டம், மோசடிக்காரருக்கே காவல் நின்றது என்றுதான் நான் சொல்வேன்.

பின்னர் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 2023இல் சுகாதார, பராமரிப்பு வீசா பெற்ற தொழிலாளர்கள் ஏறக்குறைய 146,000 பேர். அவர்களைச் சார்ந்து சென்ற குடும்பத்தினர் இரண்டு இலட்சத்துக்கும் மேல். அங்கு எழுந்த அரசியல் கூச்சலைத் தொடர்ந்து, 2024 மார்ச் 11ஆம் திகதி முதல் புதிதாக வரும் பராமரிப்பாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாதென்று அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில், இங்கிலாந்து நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்குமுன், ஏற்கனவே அங்கு வேலையிழந்து நிற்போரிடையே தேடியதாகக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. கடைசியாக 2025 ஜூலை 22ஆம் திகதி, வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளர்களை எடுப்பதே முற்றாக நிறுத்தப்பட்டது. சிரேஷ்ட பராமரிப்பாளர் பதவிக்கும் இதுவே கதி. ஏற்கனவே அந்நாட்டுக்குள் சட்டப்படி இருப்போர் மாத்திரம், நிபந்தனைகளோடு, 2028 ஜூலை வரை இந்த வீசாவுக்கு மாறலாம் என்று இடைக்கால ஏற்பாடொன்று செய்யப்பட்டது.

இந்தத் திகதியைத்தான் நமது வாசகியர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கதவு பூட்டப்பட்டதற்காகத் தரகர் கடையைப் பூட்டுவதில்லை. “ராத்தா, இது ஹவுஸ்மெய்ட் விசா இல்ல, லண்டன் கெயார் விசா. நம்ம ஆள்தான் அங்க கம்பனி வெச்சிருக்கார்” என்று யாராவது வாசலில் வந்து நின்றால், இங்கிருந்து நேரே போகும் பராமரிப்பாளர் வீசா என்ற ஒன்றே இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தாதியர் வீசா வேறு. அதற்கு அந்நாட்டுத் தாதியர் சபையில் பதிவும், ஆங்கிலப் பரீட்சையும், செய்முறைப் பரீட்சையும் வேண்டும். ஆறுமாதக் கெயார் கிவர் சான்றிதழை வைத்து அந்த வழியால் போக முடியாது.

நம்ம ஊர்ப் பிள்ளை, நம்ம ஆள் என்ற பேச்சுக்கு நாம் சீக்கிரம் இளகிவிடுகிறோம். வட்டிக்குக் கடன் வாங்க மனமில்லாத குடும்பங்கள் வளவையோ நகையையோ விற்றுத்தான் காசு கொடுக்கின்றன. கடனென்றால் என்றாவது அடைத்து முடிக்கலாம், விற்ற வளவு திரும்பி வராது. எனவே காசு கொடுக்குமுன் ஒரு நாளைச் செலவழித்துப் பாருங்கள். எந்தத் துறை வேலையானாலும், பிரித்தானியாவில் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை அந்த அரசே இணையத்தில் போட்டிருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் தேடித்தரும். பட்டியலில் பெயர் இருந்தால் மாத்திரம் போதாது என்பதற்கு மேலே சொன்ன 275 சான்றிதழ்களே சாட்சி. ஆனால் பெயரே இல்லையென்றால், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். காசு கொடுப்பதாயின் முகவரின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். துண்டுக் கடதாசியில் எழுதித் தருவது பற்றுச்சீட்டு அல்ல.

இங்கே ஆள் சேர்ப்பவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். இல்லாமல் ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். முகவர் பதிவு பெற்றவரா, அவர் சொல்லும் வேலைக்குப் பணியகத்தின் அங்கீகாரம் கிடைத்திருக்கிறதா என்ற இரண்டையும் கேட்க, பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989.