‘அட்வேர்ஸ்’ என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘அட்வேர்ஸ்’ என்றொரு பெயரடை உண்டு. மாணாக்கர் பெரும்பாலார் இதற்குக் ‘கெட்ட’, ‘தீய’ எனப் பொருள் எழுதுவர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கொண்டிருந்தேன். அது பிழையென எனக்கு உணர்த்தியது அகராதியன்று. எம் அயலில் வாழும் முதிய அம்மையார் ஒருவர்.

அவர் இடம்பெயர்ந்து வேற்றூரில் இருந்த காலத்து, அவருடைய வீட்டையும் வளவையும் பெறாமகன் ஒருவர் பார்த்துவந்தார். அண்மையில் அப்பெறாமகன் சார்பில் ஆங்கிலக் கடிதம் ஒன்று வந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகத் தம் கட்சிக்காரர் அக்காணியை ‘அட்வேர்ஸ்’ ஆக ஆண்டுவருவதால் உரிமை அவருக்கே என்பது அதன் சாரம். பொருள் கேட்டு வந்த அம்மையாரிடம், “கெட்ட விதமாக ஆண்டுவருகிறாராம்” என்றேன்.

அவர் திகைத்துவிட்டார். “தம்பி, அவன் கெட்ட விதமாய் ஒண்டும் ஆளேல்லையே. வேலி அடைச்சு, கிணறு இறைச்சு, வருஷா வருஷம் தேங்காய் வித்த காசும் கணக்கெழுதி அனுப்பினவன். தன்னைத் தானே கெட்டவன் எண்டு ஏன் எழுதுறான்?” என்றார்.

விடை சொல்ல இயலாது சொல்லின் வேரைத் தேடலானேன். இலத்தீனில் ‘வெர்சுஸ்’ என்பது திரும்பியது. ‘அட்’ என்பது நோக்கி. ஒன்றை நோக்கி முகந்திருப்பி எதிரே நிற்பதே இச்சொல்லின் உடல். (விளம்பரத்தைக் குறிக்கும் ‘அட்வேர்டைஸ்மென்ற்’ என்பதும் இவ்வேரிலிருந்து வந்ததே; அது நம் கவனத்தைத் திருப்புவது.) உரோமர் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராகப் படகு வலிப்பதை இச்சொல்லாற் குறித்தனர். வடமொழியாளரும் ஆற்றங்கரையிலேயே நின்று சொல் ஆக்கியிருப்பது வியப்பே. கூலம் என்பது கரை. கரைவழியே ஒழுகுவது அனுகூலம். அதற்கு மாறாவது பிரதிகூலம். ஆதலின் ‘அட்வேர்ஸ்’ என்பதற்குப் பிரதிகூலமான, பாதகமான, எதிரான என்பனவே நேரிய தமிழ்.

தீமை பொருளின் குணம். எதிர்மை இருவரிடைப்பட்ட நிலை. வல்வெட்டித்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பாய் விரித்த கப்பலுக்கு வாடைக்காற்று ‘அட்வேர்ஸ்’. அதே வாடை மீளும் கப்பலுக்கு அனுகூலம். காற்றின்மேற் குற்றமில்லை. வயல் வேண்டிநிற்கும் மழை, பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்துக்கு ‘அட்வேர்ஸ்’ ஆகலாம். வானொலியார் ‘சீரற்ற காலநிலை’ என்று இதனைப் பெயர்ப்பது பழகிப்போயிற்று. யாருக்குப் பாதகம் என்னும் கேள்வியை அத்தொடர் விழுங்கிவிடுகிறது என்பது என் குறை.

இடையில் ‘ட்’ ஒலி குன்றிய ‘அவேர்ஸ்’ வேறு சொல். அது மனிதரின் மனநிலைக்கு உரியது; முகத்தை அப்பால் திருப்பிக்கொள்ளும் விருப்பின்மை. இவ்விரண்டையும் மயங்கி எழுதுவோர் ஆங்கிலேயரிடையும் உளர்.

இனிக் காணிக்கு வருவோம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவே இச்சொல் பயிலும் இடம். உரிமை கோருபவரின் உரித்துக்கு எதிரான, அன்றேல் அதனைச் சாராத உரித்தோடு, குழப்பமும் இடையீடுமின்றிப் பத்தாண்டு ஆண்டிருத்தல் வேண்டும் என அது கூறுகின்றது. அவ்வளவில் நில்லாது, வாடகையோ விளைவில் ஒரு பங்கோ கொடுத்தல், பணி செய்தல் முதலிய, பிறருடைய உரிமையை ஒப்புக்கொண்டதாக இயல்பாய்க் கருதத்தக்க செயல் எதுவும் இருத்தலாகாது எனவும் விளக்குகின்றது. ஆள்பவர் நல்லவரா தீயவரா என்னும் வினாவே அங்கில்லை. உரிமையாளரின் இசைவோடு அவருக்காகக் காத்திருப்பவர் அவரை எதிர்த்து நிற்பவரல்லர். போர்க்காலத்தில் தம் காணிக்கு மீளமுடியாதிருந்தோர் பொருட்டு 2016இல் 5ஆம் இலக்கத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. அதன் நுணுக்கம் சட்டத்தரணிகள்பாற் பட்டது. யான் சொல்லோடு நிற்பவன்.

மறுநாள் அம்மையார் வீட்டுக்குச் சென்று என் பிழையை ஒப்புக்கொண்டேன். “கெட்ட விதமாக அன்று, அம்மா, உங்களுக்கு எதிராக ஆண்டானாம்” என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. முன்னைய பொருள் அவரைத் திகைக்க வைத்தது. இது நோகச் செய்தது. பின்னர், “எனக்கு எதிராய் ஆண்டவன் எனக்கு ஏன் தேங்காய்க் காசு அனுப்பினவன்?” என்றார்.

சட்டம் கேட்கும் கேள்வியும் அதுவே என்றேன். பழைய தகரப்பெட்டியை இறக்கித் தேடினோம். இடப்பெயர்வுகளிற் பல கடிதங்கள் தொலைந்துபோக, எஞ்சியவை நான்கு. ஒன்றில், “உங்கடை வளவுத் தேங்காய்” என்று பெறாமகனின் கையெழுத்திலேயே இருந்தது. அதனை அம்மையார் இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு நான்கையும் உறையிலிட்டுச் சட்டத்தரணியிடம் கொடுக்குமாறு என் கையில் தந்தார்.