திண்டுக்கல் தோல் கழிவு மாசும் உயிரிவழிச் சீரமைப்பும்

உயிரிவழிச் சீரமைப்பு என்பது வேதிப்பொருட்களால் மாசடைந்த நிலத்தையும் நீரையும் நுண்ணுயிரிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றின் துணையால் மீட்கும் முறையாகும். இம்முறையால் எது இயலும், எது இயலாது என்பதை அறிய, தமிழ்நாட்டின் திண்டுக்கல் சமவெளி தக்க எடுத்துக்காட்டாகும்.

மாசின் தோற்றம்

திண்டுக்கல் நகரைச் சுற்றி ஏறத்தாழ 80 தோல் பதனிடும் ஆலைகள் இயங்கிவந்தன. பச்சைத்தோல் அழுகாதிருக்க அதில் உப்பு இடப்படுகிறது. ஆலையின் முதல் வேலை, தோலை ஊறவைத்து அவ்வுப்பைக் கழுவுவதே. பின்னர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கொண்டு மயிர் நீக்கப்படுகிறது. அதன்பின் குரோமியம் சல்பேட்டுக் கரைசலில் தோல் பதனிடப்படுகிறது. வழக்கமான முறையில் குரோமியத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

இக்கழிவுநீர் பல்லாண்டுகள் நிலத்தில் விடப்பட்டது. இப்பகுதி கடினப் பாறைப் பகுதி. பாறை வெடிப்புகளின் வழியே உப்பு நீர் கிணறுகளை அடைந்தது. நகருக்கு ஆத்தூர் காமராசர் அணையின் நீர் வருகிறது (இது சேலம் மாவட்டத்து ஆத்தூர் அன்று). ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவர்க்குக் கிணறே ஆதாரம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திய கணக்கெடுப்பில், 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இவ்விவரம் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது.

நுண்ணுயிரிகளின் பங்கு

கழிவில் உள்ள புரதம், கொழுப்பு முதலிய கரிமப் பொருட்களைப் பாக்டீரியாக்கள் உண்டு சிதைக்கின்றன. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றூட்டித் தொட்டிகள் அமைக்கப்படுவது இதற்காகவே.

குரோமியத்தின் நிலை வேறு. அது ஒரு தனிமம் ஆதலால் எந்த உயிரியாலும் அதை அழிக்க முடியாது, உருமாற்ற மட்டுமே முடியும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரையும், புற்றுநோயையும் உண்டாக்கும். பேசில்லசு, சூடோமோனாசு இனப் பாக்டீரியாக்கள் சில இதனை மூன்று இணைதிறன் கொண்டதாக ஒடுக்குகின்றன. பின்னது நடுநிலை நீரில் ஐதராக்சைடாக வீழ்படிந்து மண்ணிலேயே தங்கிவிடும். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை மீண்டும் ஆறு இணைதிறன் நிலைக்கு மாற்றக்கூடும். எனவே ஒருமுறை சீரமைத்த இடத்தையும் தொடர்ந்து கண்காணிக்கவேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் வகையே. ஆகவே இப்பாக்டீரியாக்களுக்குத் திண்டுக்கல்லைவிட, குரோமேட்டு ஆலைக் கழிவு குவிந்து கிடந்த ராணிப்பேட்டையில் வேலை அதிகம்.

உப்பு

கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுக்கே, அதாவது சாதாரண உப்புக்கே உண்டு. பாக்டீரியாக்கள் உப்பைச் சிதைப்பதில்லை. உமரி போன்ற உவர்நிலச் செடிகள் மேல்மண்ணின் உப்பை ஓரளவு உறிஞ்சும். அவற்றை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் உப்பு மண்ணுக்கே திரும்பும். பாறை வெடிப்பின் ஆழத்தில் உள்ள நீரை அவற்றின் வேர் எட்டாது. அங்கு மழைநீர் இறங்கி நீர்த்துப்போகச் செய்வதே வழி, அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆதலால் உப்பை மூலத்திலேயே குறைக்கும் முறைகளைச் சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்துவருகிறது. சல்பைடுக்கு மாற்றாக நொதிகளால் மயிர் நீக்கும் முறையையும் அது உருவாக்கியுள்ளது. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் மூலம் வடித்து, எஞ்சியதை ஆவியாக்கும் முறையில் நீர் ஆலைக்குத் திரும்புகிறது. பிரிந்த உப்பு மூட்டைகளாகச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே தேங்குகிறது.